இடது கையால் எழுதிய வீட்டுப்பாடம்

முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார். கணவர் புனலூரில் லோடு வண்டி ஓட்டுகிறார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். ஒரே மகன், ஏழு வயது, ஆங்கில வழித் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பள்ளி வாசலுக்குள் தமிழ் பேசினால் 5 ரூபாய் அபராதம், டைரியில் சிவப்பு மையில் குறிப்பு. “பிள்ளையை முழுக்க ஆங்கிலத்திலேயே மூழ்க வைத்தால்தான் மொழி வரும், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்” என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி, ஆச்சி படுக்கையில் சொல்லும் கதையைக்கூட நிறுத்திவிட்டார்கள். தினமும் நான்கு நோட்டில் வீட்டுப்பாடம். இரவு ஒன்பதரை வரை அழுகை. காலையில் வேன் வரும் நேரத்துக்கு வயிற்று வலி. ‘ஸ்லோ லேர்னர்’ என்று ஆசிரியை சொல்லிவிட்டார். கடிதத்தில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

“அவன் அழுதுக்கிட்டே தூங்கிட்டா மீதிய நான் இடது கையால எழுதி வைக்கேன் அக்கா. வலது கையால எழுதினா எழுத்து நல்லா விழுந்து மிஸ் கண்டுபிடிச்சிருவாங்க. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அவங்க அப்பாவுக்கும் தெரியாது.”

வீட்டில் ஆங்கிலம்தான் பேச வேண்டுமா, பையனுக்கு ஏதும் குறையா, தம்பி சொல்வதுபோல் வழக்குப் போடலாமா, உள்ளூர் அரசுப் பள்ளிக்கே மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த உரிமையிலேயே பேசுகிறேன் தங்கச்சி. அந்த இடது கை விஷயத்துக்காக நீங்கள் கூனிக் குறுக வேண்டாம். பகலெல்லாம் சுளவை மடியில் வைத்துச் சுற்றிய கை, ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையின் கோணல் எழுத்தைப் பழகியிருக்கிறது என்றால் அது பாசம்தான். ஆனாலும் இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். பாடம் எவ்வளவு புரிந்தது, எந்த இடத்தில் திணறினான் என்று ஆசிரியைக்குக் காட்டுவது அந்த நோட்டு ஒன்றுதான். நீங்கள் நிரப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்து அவர் மறுநாளும் நான்கு பக்கம் கொடுப்பார். பரீட்சையில் மட்டும் பையன் தவறினால், “வீட்டில் செய்கிறான், இங்கே செய்ய மாட்டேன் என்கிறான்” என்று பழி அவன் மேல் விழும். அதோடு, காலையில் எழுந்து நோட்டைத் திறந்தால், தான் எழுதாததை யார் எழுதியது என்று அவனுக்குத் தெரியும். தன்னால் முடியாது என்று அம்மாவே முடிவுகட்டிவிட்டாள் என்றுதான் அவன் அதை எடுத்துக்கொள்வான்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒருநாள் கடைக்குக் கொண்டுபோகக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தீர்கள். அவன் வந்து பார்த்துவிட்டு, “ஆயிரத்துக்கு இன்னும் ரெண்டு கட்டு வேணும்மா” என்றிருக்கிறான். எண்ணிப் பார்த்தால் 38 கட்டு. கட்டுக்கு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, தானாகப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது, கணக்குப் பரீட்சையில் அவன் பூஜ்யம் வாங்கிய கேள்வி. ரவியிடம் 12 மாம்பழம், 5 தின்றுவிட்டான், ‘ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?’, அதாவது மிச்சம் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு, “லெஃப்ட்டுன்னா இடது கைதானம்மா, இடது கையில எத்தன இருக்குன்னு அதுல போடவே இல்ல” என்றிருக்கிறான்.

இதை நான் மூன்று தடவை படித்தேன். பையன் கேள்வியைப் படித்திருக்கிறான், யோசித்திருக்கிறான், தனக்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தைப் பொருத்திப் பார்த்து, கேள்வியில் விவரம் போதவில்லை என்ற முடிவுக்கும் வந்திருக்கிறான். இவனையா மந்தம் என்கிறார்கள்? 12இல் 5 போனால் 7 என்பது அவனுக்கு ஒரு நொடி வேலை. கேள்வி இருந்த மொழிதான் அவனைத் தடுத்திருக்கிறது.

மூழ்க வைப்பது பற்றி

பள்ளியில் சொன்ன அந்த முறை நிஜமாகவே இருக்கிறது. அது எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் எங்கே பிசகுகிறது என்பது புரியும். கனடாவில் மொன்றியல் நகருக்கு எதிர்க்கரையில் செயின்ட் லாம்பர்ட் என்று ஒரு ஊர். அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு நன்றாக வர வேண்டும் என்று தாங்களாகவே கேட்டு, 1965இல் மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் பாடம் நடத்த வைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்கில் கவனித்து எழுதினார்கள். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. உலகம் முழுக்க இந்த முறை பரவியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்த வகுப்பில் நடந்ததைப் பாருங்கள். ஆசிரியருக்கு இரண்டு மொழியும் தெரியும். தொடக்கத்தில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டால் அவருக்குப் புரியும், பிரெஞ்சில் பதில் சொல்வார். தாய்மொழி பேசியதற்கு அபராதம் கிடையாது. வீட்டில் பிரெஞ்சு பேசுங்கள் என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் தெருவிலும் கடையிலும் ஆங்கிலம் அதன்பாட்டுக்கு இருந்தது. இரண்டாம் வகுப்பு வாக்கில் ஆங்கிலத்தையும் பாடமாக நடத்தினார்கள். பிறகு லாம்பர்ட்டே பிரித்துச் சொன்னார்: தாய்மொழியை வைத்துக்கொண்டு அதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பது ஒரு வகை. தாய்மொழியைக் கழித்துவிட்டு இன்னொன்றைத் திணிப்பது வேறு வகை. முதலாவதில் கிடைத்த பலனை இரண்டாவதில் எதிர்பார்க்க முடியாது.

நம் படித்துறையில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துத்தான் தண்ணீரில் விடுவார். உங்கள் பையனுக்குத் தமிழ்தான் அந்தக் கை. அதை எடுத்துவிட்டு நீந்தச் சொன்னால் தண்ணீர்தான் குடிப்பான்.

ஆகவே வீட்டில் தமிழ் பேசுங்கள். சும்மா ‘வா, போ, சாப்பிடு’ அளவுக்கு இல்லாமல் நிறையப் பேசுங்கள். “கம் ஹியர், ஈட் ஃபாஸ்ட், டோன்ட் க்ரை, இந்த மூணையும் விட்டா எனக்கு வேற வராது அக்கா” என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று கட்டளையை வைத்து ஒரு ஏழு வயதுப் பிள்ளையோடு என்ன பேச்சு நடக்கும்? ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு என்று நீண்டு போகிற பேச்சில்தான் யோசனை வளரும். அது உங்களிடமும் ஆச்சியிடமும் தமிழில் கொட்டிக் கிடக்கிறது. வழுக்கி விழுவதும் மிச்சம் ஆவதும் தமிழில் தெரிந்த பிள்ளைக்கு, அவற்றுக்கான ஆங்கில வார்த்தையை மட்டும் கொடுத்தால் போதும். பொருளே தெரியாதவனுக்கு வார்த்தையைக் கொடுத்தால், ‘லெஃப்ட்’ மாதிரி அது அந்தரத்தில் நிற்கும். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர். புது மொழியில் சாதாரணமாகப் பேசப் பழகுவதற்கு இரண்டு வருடம் போல ஆகும், பாடப்புத்தக மொழி கைவர ஐந்து வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்றார். அதுவும் சுற்றிலும் அந்த மொழி புழங்குகிற நாட்டில். உங்கள் பையன் சேர்ந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

குறை ஏதும் உண்டா?

கடிதத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. வாசிப்பில் பிறவியிலேயே உள்ள சிரமம் என்றால் அது பெரும்பாலும் ஒரு மொழியில் மட்டும் வராது. தமிழிலும் ஓரளவு தடுமாறுவான். படம், மரம், பாட்டி, குருவி மாதிரி பத்துச் சொல் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கதை சொல்லி, மறுநாள் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தமிழும் வராவிட்டால் உடனே பயப்படாதீர்கள், யாராவது அவனுக்கு ஒழுங்காகத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் தினமும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தும் எழுத்து நிற்கவில்லை என்றால் கண்டிப்பாகச் சோதனை தேவை. அதற்கு முன்னால் கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் பிரிவு உண்டு. காது கொஞ்சம் மந்தமாக இருக்கும் பிள்ளையைக் கவனிக்காத பிள்ளை என்று திட்டித் தீர்த்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயிற்று வலி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக அவன் நடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, வேறு ஒன்றும் இல்லை என்றால் பள்ளியில் என்ன பயம் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள்.

வீட்டுப்பாடமும் சட்டமும்

உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருடம் நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் இதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான் என்கிறது. உங்கள் வீட்டில் அது ஒரே ராத்திரியில் முடிந்துவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்கப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பரும் எழுதியிருக்கிறார்.

தம்பி தவறுவது, இதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைப்பதில். வழக்கு வருடக்கணக்கில் நடக்கும். அதுவரை பையன் அதே வகுப்பில் உட்கார வேண்டும். அபராதத்தையும் டைரிக் குறிப்பையும் பொறுத்தவரை, 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளையைக் கூனிக் குறுக வைப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும் என்பது என் கருத்து. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. உங்கள் பள்ளி எந்த வகை என்று கடிதத்தில் இல்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் நடத்து என்று ஆங்கில வழிப் பள்ளியை நாம் கட்டாயப்படுத்தவும் முடியாது. எந்த மொழியில் படிப்பது என்பது பெற்றோரின் விருப்பம் என்பதும் உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புதான். ஆனால் 2006ஆம் வருடத்துத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் ஒரு பாடமாக இருந்தாக வேண்டும். அது ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான் முதலில் செய்யச் சொல்வது சின்ன வேலை. சாயங்காலம் வந்ததும் ஆறு மணி வரை விளையாட விடுங்கள். பிறகு இருபது நிமிடம், கடிகாரம் வைத்து, நோட்டோடு உட்காரட்டும். புரிந்ததை எழுதட்டும். நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு டைரியில் உங்கள் கையால் தமிழில் இப்படி எழுதுங்கள்:

“வணக்கம். இன்று இருபது நிமிடம் உட்கார்ந்து செய்தான். முதல் பக்கம் புரிந்தது. கணக்கில் கேள்வியின் ஆங்கிலம் புரியவில்லை, தமிழில் சொன்னதும் விடை சொன்னான். மீதியை எழுதவில்லை. இனிமேல் அவன் செய்ததை மட்டும் அனுப்புகிறேன். ஒருநாள் நேரில் வந்து பேச விரும்புகிறேன்.”

தமிழில் எழுதினால் மதிப்பார்களா என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆங்கிலம் தெரியாத அம்மா என்று நாலைந்து இடத்தில் உங்களைத் தாழ்த்தி எழுதியிருக்கிறீர்கள். டைரியில் அந்தத் தொனி வேண்டாம்.

நேரில் போகும்போது குற்றம் சாட்டுகிற மாதிரி தொடங்காதீர்கள். அந்த ஆசிரியைக்கும் வகுப்பில் பிள்ளைகள் அதிகம், சம்பளம் குறைவு, மேலிருந்து நெருக்கடி. ‘லெஃப்ட்’ கதையைச் சொல்லுங்கள், அவருக்கே புரியும். பிறகு மூன்று விஷயம் கேளுங்கள்: வீட்டுப்பாடத்தைக் குறைக்க வேண்டும், கேள்வி புரியாதபோது தமிழில் ஒரு வார்த்தை சொல்லித் தர வேண்டும், அபராதம் அவனுக்கு வேண்டாம். மறுத்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் நடக்காவிட்டால் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் கேட்கலாம்.

பள்ளியை மாற்றுவது

உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வளைகுடா வேலைக்குப் போன நேர்காணலில், வண்டி ஓட்டத் தெரிந்தும் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்ல முடியாமல் திரும்பி வந்தவர் அவர். மகனுக்கு அந்த நிலை வேண்டாம் என்று நினைப்பதில் என்ன தவறு? பையனுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதில் நாம் மூன்று பேரும் ஒரே கட்சி. அதை அவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். “அந்தப் பள்ளி வேண்டாம்” என்று ஆரம்பித்தால், கட்டிய பீஸும் பட்ட அவமானமும்தான் அவர் கண்முன் நிற்கும்.

அரசுப் பள்ளியைப் பற்றி இருவருமே கொஞ்சம் பழைய நினைப்பில் இருக்கிறீர்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பின்தங்கிய பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம், உங்கள் பையனுக்கு வேண்டியதும் அதுதான். பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு. காலையில் சாப்பாடும் போடுகிறார்கள், விடிந்ததும் இலை வெட்ட உட்கார வேண்டிய உங்களுக்கு அது சின்ன உதவி இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1000 ரூபாயும் கிடைக்கும். ஆக, இப்போது மாற்றாவிட்டாலும் ஐந்தாம் வகுப்பு முடியும்போது இன்னொரு வாசல் திறந்திருக்கும்.

அதற்காக அரசுப் பள்ளி என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்துகிற பள்ளியும் நம் பக்கத்தில் உண்டு. நீங்களே ஒருநாள் காலையில் போய், வாசலில் நின்று பாருங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, கேள்வி கேட்கிறார்களா, ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள்.

எனக்குப்படுவது இது. இப்போது வருடத்தின் நடுவில் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். டைரிக் குறிப்பும் நேரில் பேச்சும் வேலை செய்கிறதா என்று இரண்டு மாதம் பாருங்கள். அபராதம் நின்று, ராத்திரி அழுகை குறைந்தால் இந்த வருடம் அங்கேயே முடிக்கட்டும். அடிக்கிறார்கள், வகுப்பில் நிறுத்தி வைக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் இரண்டு மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், மறுநாளே மாற்றுங்கள். பீஸ் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது, சான்றிதழ் வரத் தாமதம் என்று அரசுப் பள்ளியும் சேர்க்காமல் இருக்க முடியாது.

ஆச்சியிடம் கதையை மறுபடியும் தொடங்கச் சொல்லுங்கள். “பேச்சு வாங்கினதிலிருந்து அத்தை அவன்கிட்ட வாயே திறக்கறதில்ல” என்று எழுதியிருக்கிறீர்கள். அது தெரியாமல் செய்த காரியம், நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். பீடி வேலையில் அவனை உட்கார வைக்காதீர்கள். ஆனால் கட்டு எண்ணுகிற அந்த விளையாட்டை விட வேண்டாம். எட்டுக் கட்டு என்றால் எத்தனை பீடி என்று கேளுங்கள். அவன் 200 என்றதும் ‘டூ ஹன்ட்ரட்’ என்று ஒரு முறை சொல்ல வையுங்கள், போதும்.

கணவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது மூன்று பேரும் சேர்ந்து பாளையங்கோட்டைக்கு வாருங்கள். சனிக்கிழமை காலையில் இருப்பேன். கணக்கு நோட்டும் தமிழ் நோட்டும் கொண்டு வாருங்கள், அவன் கையால் எழுதிய பக்கங்கள் மட்டும் போதும்.